திடலும் போச்சு, நேரமும் போச்சு: தோட்டத் தமிழனின் ஓய்வு யார் கையில்?

(நீலாயில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேராக இங்கே வந்தவர்களும் பின்வரிசையில் இருக்கிறார்கள். கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. கொஞ்சம் கண் அசந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். நான் பேசப்போவதே அந்தத் தூக்கத்தைப் பற்றியும்தான்.

நம் கூட்டங்களில் வழக்கமாக என்ன பேசுவோம்? அடையாள அட்டை, குடியுரிமை, தமிழ்ப்பள்ளி, கோவில் நிலம், வீடு, சம்பளம். இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, 'பொழுதுபோக்கும் வெளிப்புற விளையாட்டும்'. தலைப்பைக் கேட்டதும் ஏற்பாட்டுக் குழுவில் ஒரு அண்ணன் சிரித்தார். "வீட்டுக்கே வழியில்லாதவனுக்கு விளையாட்டு எதுக்குங்க?" என்றார். நியாயமான கேள்விதான். நம்மில் பாதிப் பேர் மனதில் அந்தக் கேள்வி இருக்கிறது. அதற்கான பதில்தான் இன்றைய என் பேச்சு முழுவதும்.

முதலில், நம்மிடம் என்ன இருந்தது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். இங்கே உட்கார்ந்திருக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பெரும்பாலும் நீலாய், லாபு, பாஜாம், பாத்தாங் பெனார், மந்தின் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். விடியும் முன்னே பெரட்டு. இருட்டோடு பால்மரத்துக்குப் போனால், மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம். நாலரை மணிக்கு எழுந்தால் வெயில் தாழ்ந்திருக்கும். அந்த நாலரை மணி முதல் ஏழு மணி வரைக்கும் தோட்டத்தில் ஒரே இடம்தான். திடல்.

திடல் என்றால் ஸ்டேடியம் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தோட்டத்துத் திடல் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மழை பெய்தால் பள்ளத்துப் பக்கம் இருக்கிற கோல் கம்பத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தப் பக்கம் கோலியாக நிற்பவனுக்குத் தவளைகள்தான் துணை. ஆட்டம் தொடங்கும் முன் மாடுகளை விரட்ட வேண்டும். விரட்டினாலும் மாடு விட்டுப்போனது அங்கேயே இருக்கும்! அதில் வழுக்கி விழுந்து கோல் போட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டு ஏக்கருக்குள் என்னென்ன நடந்தது! சாயங்காலம் பந்து. ஓரத்தில் சின்னப் பையன்கள் கோலி, பம்பரம், கிட்டிப்புள். ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து, சூடு ஏறியதும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்து அலற வைக்கும் விளையாட்டு. தீபாவளிக்கு ஓட்டப்பந்தயம், கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம். மாரியம்மன் திருவிழாவுக்கு ராட்டினம், நாடகம். மாதம் ஒருமுறை வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால், லயத்தில் இருக்கும் அத்தனை பேரும் பாயும் தலையணையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் அங்கேதான், சண்டை முடிந்ததும் அங்கேதான்.

திடலுக்கு அப்பால் ஆறு. தூண்டில் போட்டால் கெளுத்தி, விரால் கிடைக்கும். காட்டோரம் முயல், பன்றி வேட்டைக்கு நாய்களைக் கூட்டிப்போகும் அண்ணன்மார்கள் இருந்தார்கள். டுரியான் காலத்தில் பிள்ளைகளை வீட்டில் பார்க்கவே முடியாது. கால் காசு செலவில்லாத பொழுதுபோக்கு இதெல்லாம். 'பொழுதுபோக்கு' என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே நமக்கு அப்போது தெரியாது.

சரி. இதைச் சொன்னதும் "ஆகா, தோட்டம் சொர்க்கம்" என்று சிலர் கண் கலங்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தோட்டம் சொர்க்கமும் இல்லை, அந்தத் திடல் துரை நமக்கு ஆசையாகக் கொடுத்த பரிசும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நிர்வாகம் நம் ஓய்வு நேரத்துக்கு என்று அக்கறையோடு திறந்து வைத்தது எது தெரியுமா? கள்ளுக்கடை! பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடக் காசில்லை என்ற தோட்டத்திலும் கள்ளுக்கடைக்குத் தடையில்லை. உழைத்த காசு சாயங்காலமே அங்கே போய்ச் சேர்ந்தது.

இதை எதிர்த்தவர்கள் நம் தாத்தாக்கள்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலை ஒருமுறை கவனியுங்கள். சம்பளம் இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, நம் பெண்களிடம் அத்துமீறக் கூடாது என்பது இருந்தது. கூடவே இன்னும் மூன்று இருந்தன. கள்ளுக்கடையை மூடு. உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்து எங்களைப் பார்க்க அனுமதி கொடு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளைவிட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி.

சைக்கிள்! அன்றைக்குத் தோட்டத் தொழிலாளி சைக்கிளில் எங்கே போவான்? வேலை முடிந்து டவுனுக்கு, படத்துக்கு, பக்கத்துத் தோட்டத்து மாமன் வீட்டுக்கு. அவன் சொந்த நேரம் அது. அந்த நேரத்திலும் இறங்கிக் கும்பிட்டு நில் என்றான் வெள்ளைக்காரன். 'வேலை நேரம் உன்னுடையது, மற்ற நேரம் என்னுடையது' என்று சொன்னதுதான் அந்தக் கோரிக்கை. பதிலாக என்ன கிடைத்தது? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. 1947-இல் பீடோங் பக்கம் போலீசோடு மோதலாகி அங்கேயும் ஓர் உயிர் போனது. ஓய்வு நேரத்தை எப்படிக் கழிப்பது என்பது நம் சமுதாயத்தில் உயிர் கொடுத்துப் போராடிய விஷயம். அண்ணன் கேட்டாரே, விளையாட்டு எதுக்கு என்று, அவருக்கு என் முதல் பதில் இது.

இரண்டாவது பதில் சட்டம். 1948-இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவைப் பிள்ளைகளை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓய்வும் ஓய்வு நேரமும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமை, வேலை நேரத்துக்கு நியாயமான வரம்பு வேண்டும், சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்கிறது. சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு பிள்ளைகள் விளையாடுவது உரிமை என்றே சொல்கிறது. அந்த உடன்படிக்கையை மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலேயே 446-ஆவது சட்டம் இருக்கிறது. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம். வீடு, பிள்ளைக் காப்பகம் மட்டுமா அதில்? பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்குவது, மருத்துவ வசதி, சமூக வசதி எல்லாம் முதலாளியின் கடமை என்று சட்டத்தின் நோக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வேலையிடத்தில் தங்க வைக்கப்பட்ட தொழிலாளிக்கு உரியது இது. லயத்தில் இன்னும் குடியிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... பத்துப் பதினைந்து குடும்பம் இருக்கிறீர்கள். இந்தச் சட்டம் உங்களுக்குத்தான். மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இனி, திடல் எப்படிப் போனது என்று பார்ப்போம்.

1950-களில் தோட்டத் துண்டாடல் நடந்தபோதே நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் நீலாய்ப் பக்கம் பெரிய அடி விழுந்தது 1990-களில்தான். ஒரு பக்கம் சிப்பாங்கில் விமான நிலையம். 1998-இல் திறந்தார்கள். அடுத்த ஆண்டே பக்கத்தில் கார் பந்தயத் திடல். இந்தப் பக்கம் புது நகரம், தொழிற்பேட்டை, கல்லூரி, மொத்த வியாபாரக் கடைகள், கோல்ஃப் திடல். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்துக்குத் திடீரென்று சதுர அடிக் கணக்கில் விலை வந்துவிட்டது. தோட்டம் விற்றாச்சு, ஆறு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணு என்று கடிதம் வந்தது.

நஷ்ட ஈடு எப்படிக் கணக்குப் போட்டார்கள் தெரியுமல்லவா? வேலை நிறுத்த அனுகூலங்களுக்கான 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவனுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் மரம் சீவிய என் சித்தப்பாவுக்கும் அதே கணக்குதான். கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டாராம், "இதிலே கோவிலுக்கு எவ்வளவு? திடலுக்கு எவ்வளவு?" ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, ஐயா! நாலு தலைமுறை புல் வெட்டி, கல் பொறுக்கிச் சமன் செய்த இடம் அது. நிலம் கம்பெனியுடையது, சரி. அதைத் திடலாக்கிய உழைப்பு யாருடையது? அந்தக் கணக்குக்கு எந்தப் பாரத்திலும் கட்டம் கிடையாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு போட்டுப் பாருங்கள். சர்வதேச அளவுக் காற்பந்துத் திடல் ஒன்று 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7,140 சதுர மீட்டர். ஏக்கரில் சொன்னால் ஒன்றே முக்கால். 18 குழி கோல்ஃப் திடலுக்குச் சாதாரணமாக 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். அதாவது ஒரு கோல்ஃப் திடலுக்குள் ஐம்பது காற்பந்துத் திடல் அடங்கும். ஐம்பது தோட்டத்துப் பையன்கள் விளையாட்டு அங்கே படுத்துக் கிடக்கிறது! விமானத்தில் வந்து இறங்குகிறவர் ஆட நிலம் இருக்கிறது, இங்கேயே பிறந்தவன் ஆட நிலமில்லை என்றால் அது நிலப் பற்றாக்குறை ஆகாது.

இதைவிடக் கொடுமையாக ஒன்று சொல்லட்டுமா? புக்கிட் ஜாலில். நாட்டிலேயே பெரிய அரங்கம். 80 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டினார்கள். எந்த நிலத்தில்? புக்கிட் ஜாலில் தோட்டத்தில்! 2010 டிசம்பர் 26-ஆம் தேதி அதே அரங்கத்தில் மலேசியா இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. முதல் முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணம் நமக்கு வந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால். களத்தில் நம் நெகிரி செம்பிலானுக்கு ஆடிக்கொண்டிருந்த எஸ். குணாளன். நாடே கொண்டாடியது, 31-ஆம் தேதி பொது விடுமுறை கூடக் கொடுத்தார்கள். அந்த அரங்கத்து வெளிச்சம் எட்டும் தூரத்தில், அந்தத் தோட்டத்தில் மிச்சமிருந்த சுமார் நாற்பது குடும்பங்கள் வீட்டுக்காக நாலே நாலு ஏக்கர் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் வெளியேற்ற நோட்டீசை எதிர்த்து வீட்டு வாசலில் நின்றார்கள். தமிழன் பந்து உதைத்தால் கைதட்ட அரங்கம் உண்டு. அந்த அரங்கத்து நிலத்தில் பால் வெட்டிய தமிழனுக்கு மூலையில் ஓர் இடம் கிடையாது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் பெயரைப் பெரியவர்கள் இன்னும் சொல்வீர்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர். நாடு புறக்கணித்ததால் போக முடியவில்லை. 1988-இல் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். "இப்போ ஏன் அந்த மாதிரி ஆட்டக்காரர்கள் நம்மிடமிருந்து வருவதில்லை?" என்று காப்பிக்கடையில் கேட்கிறார்கள். பையன் எங்கே ஆடிப் பழகுவான், அங்கிள்? பிளாட் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலா? அங்கே 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஃபுட்சால் கூடத்துக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை. பத்துப் பேர் காசு போட வேண்டும், காசில்லாத பையன் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தோட்டத்தில் காசில்லாதவன் என்று ஒருவனைத் திடலுக்கு வெளியே நிறுத்தியதில்லை.

ஆனால் திடல் போனது பாதிக் கதைதான். மீதிக் கதையை யாரும் பேசுவதில்லை. நேரம்.

தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிந்தது. அதனால்தான் நாலரை மணிக்குப் பதினொரு பேர் சேர முடிந்தது. இன்றைக்கு? கணவர் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், மனைவி பகல் ஷிப்ட். மூத்த மகன் பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேரம். இளையவன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், அவனுக்கு நேரமே கிடையாது. ஒரு வீட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடவே முடியவில்லை. பதினொரு பேர் எப்படித் திடலுக்கு வருவார்கள்? நாளைக்கே யாராவது தங்கத்தில் திடல் கட்டிக் கொடுத்தாலும் புல்தான் முளைக்கும்.

வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வாரம் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்தது 45 ஆகக் குறைந்தது. காகிதத்தில் நல்ல செய்தி. நம் வீட்டில்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாடகை, கார் தவணை, பள்ளி பஸ், டியூஷன் எல்லாம் போட்டுப் பாருங்கள். ஓய்வு நாளிலும் ஓ.டி. செய்தால்தான் மாதம் ஓடும். ஆக, நாமே நம் ஓய்வு நாளை விற்றுக்கொண்டிருக்கிறோம். வாங்குகிறவன் நல்ல விலை கொடுப்பது போலத் தெரியும். ஐம்பது வயதில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, முட்டி வலி என்று வரும்போதுதான் விற்ற பொருள் என்னவென்று தெரியும். அதனால் சம்பளப் போராட்டம் வேறு, ஓய்வுப் போராட்டம் வேறு என்று பிரிக்காதீர்கள். அடிப்படைச் சம்பளத்திலேயே குடும்பம் ஓட வேண்டும். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நம்முடையது.

தாய்மார்கள் இவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கிறீர்கள். "திடல் திடல் என்கிறானே, நாம் எப்போது திடலில் ஆடினோம்?" என்று நினைக்கிறீர்கள். எனக்குக் கேட்கிறது. உண்மைதான். தோட்டத்திலும் நாலரை மணி ஆண்களுக்குத்தான் விடுதலை. அம்மா அதே மரத்தைத்தான் சீவினார், அதே பால் வாளியைத்தான் தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா படுத்தார், அம்மா அடுப்பு பற்ற வைத்தார். அம்மாவுக்குக் கிடைத்த ஓய்வு எது? குழாயடியில் வாளி நிரம்பும் வரை பேசும் பேச்சு. வாசற்படியில் உட்கார்ந்து பேன் பார்க்கும் நேரம். வெள்ளிக்கிழமை கோவில். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை எடுக்கப் போகும்போது நிற்கும் பத்து நிமிடம். அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒருத்திக்கு அடி விழுந்தால் அந்தக் குழாயடிக்குத்தான் முதலில் தெரியும், நாலு பெண்கள் போய்க் கேட்பார்கள்.

இன்று பிளாட்டில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குழாய் இருக்கிறது. நல்லதுதான், யாரும் பழையபடி தண்ணீர் தூக்க வேண்டாம். ஆனால் குழாயடி போனதும் அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரி பெயர் கூடத் தெரியாது. பெண்களுக்குத் தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியும்தான் மிச்சம். அதைப் பார்த்து ஆண்கள் கிண்டல் வேறு! நான் கேட்கிறேன், உங்கள் மனைவி கடைசியாக வீட்டு வேலைக்காகவோ கோவிலுக்காகவோ இல்லாமல், சும்மா காற்று வாங்க, ஒரு மணி நேரம் வெளியே போனது எப்போது? பதில் தெரியாதவர்கள் தலையைக் குனிய வேண்டாம், இன்றைக்குத் திரும்பிப் போகும்போது அவரிடமே கேளுங்கள். நாம் திடல் கேட்கும்போது, சுற்றி நடக்கப் பாதை, விளக்கு, உட்காரப் பெஞ்ச், நல்ல கழிப்பறை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். விளக்கும் கழிப்பறையும் இல்லாத திடல் ஆண்களுக்கு மட்டுமான திடல்.

இன்னொரு விஷயம். இது கொஞ்சம் கசக்கும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்றது. அன்றிலிருந்து நாம் எந்த அதிகாரியிடம் திடல் கேட்கப் போனாலும் "பையன்கள் கும்பலில் சேர்ந்து கெட்டுப் போகிறார்கள், அதனால் திடல் கொடுங்கள்" என்று மனு எழுதப் பழகிவிட்டோம். மனு எழுதிக் கொடுக்கிறவர்களும் அப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. நம் பிள்ளைகளை நாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பிச்சை கேட்பது போல இருக்கிறது. பணக்காரத் தாமானில் நீச்சல் குளம் கட்டும்போது, "எங்கள் பிள்ளைகள் கெட்டுப் போகாமல் இருக்க" என்று யாராவது காரணம் சொல்கிறார்களா? அவர்கள் பிள்ளைகள் நீந்த வேண்டும், அவ்வளவுதான் காரணம். நம் பிள்ளைகளும் ஆட வேண்டும். அவ்வளவுதான் காரணம். மனுவில் அப்படியே எழுதுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலில் தாமானிலும் பிளாட்டிலும் இருப்பவர்களுக்கு. வீடமைப்புத் திட்டம் என்றால் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது நகர், கிராமத் திட்டமிடல் இலாகாவின் வழிகாட்டி. அந்தப் பத்து விழுக்காடு உங்கள் தாமானில் எங்கே என்று போய்த் தேடுங்கள். எங்கள் தாமானில் நாங்கள் தேடினோம். பாதி, ஆடு கூட நிற்காத சரிவு. மீதி, வெள்ளத் தடுப்புக் குளத்தைச் சுற்றியிருக்கும் கரை. வரைபடத்தில் இரண்டும் பச்சையாகத்தான் இருக்கிறது! வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. நீலாய் நகராண்மைக் கழகம் 2020 ஜனவரி 1 முதல் சிரம்பான் மாநகர் மன்றத்தோடு இணைந்துவிட்டது, அதனால் கேட்க வேண்டிய இடம் அதுதான். திறந்தவெளி நிலம் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்கீழ் பொதுத் தேவைக்கான ஒதுக்கீடாகக் கெஜட் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கெஜட் ஆகியிருந்தால், அதை ரத்து செய்ய 64-ஆவது பிரிவின்படி விசாரணை நடத்த வேண்டும், நாம் போய் ஆட்சேபிக்கலாம். கெஜட் ஆகாத திடல், கதவில்லாத வீடு மாதிரி.

அடுத்து, இந்த வட்டாரத்தையே மாற்றப்போகும் பெரிய திட்டங்கள். 2009 தொடக்கத்தில் லாபுவில் விமான நிலையம் என்றார்கள், அந்த ஜனவரியிலேயே கைவிட்டார்கள். பிறகு 'மலேசியா விஷன் வேலி' வந்தது. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் மிச்சமிருக்கும் தோட்டங்கள் பலவும் அதற்குள் அடங்கும். வேலி என்றால் பள்ளத்தாக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் நாலு தலைமுறையாக இருப்பவர்களுக்கு அந்த வரைபடத்தில் எங்கே இடம்? 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி வட்டாரத் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும், ஆட்சேபங்களை வாங்கியாக வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு கொடி பிடிப்பதைவிட, காகிதமாக இருக்கும்போது பத்துக் குடும்பம் போய் எழுதிக் கொடுப்பது பலன் தரும். கோவில், இடுகாடு, பள்ளி என்று பட்டியல் போடும்போது திடலையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இதுவரை நாம் திடலை எழுதியதே இல்லை.

லயத்தில் இருப்பவர்கள், கை தூக்கினீர்களே, உங்களுக்கு 446-ஆவது சட்டம். தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள். ஒன்று கவனம். உங்கள் தோட்டத்தில் இப்போது வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியத் தொழிலாளிகள் அதிகம். சாயங்காலம் அந்தத் திடலில் அவர்கள் வாலிபால் ஆடினால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. ஏன்? கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டனும் இப்படித்தான் வேலை முடிந்து யாரோ ஒருவன் நிலத்தில் சடுகுடு ஆடினான். மனுவில் அவர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

இளைஞர்களுக்கு ஒன்று. பத்துப் பேர் சேர்ந்து ஜெர்சி அடித்தால் அது குழு இல்லை. 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். திடல் கேட்பதற்கும் மானியம் கேட்பதற்கும் ஒரு பெயர், ஒரு முத்திரை வேண்டும். செயற்குழுவில் பெண்களையும் போடுங்கள், டீ போடுவதற்காக இல்லை.

அரசாங்கம் கொடுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். லெங்கெங் வழியாகப் போனால் புரோகா மலை. 400 மீட்டர் உயரம்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோலாலம்பூரிலிருந்து கார் கார்களாக வந்து ஏறுகிறார்கள், செம்பனைத் தோட்டத்தைத் தாண்டித்தான் ஏறுகிறார்கள். இங்கே பக்கத்திலேயே இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள்? கை தூக்குங்கள்... மூன்று பேர். நம் பாட்டி கூடை சுமந்து ஏறாத மேடா அது! குழந்தைகள், தாத்தா பாட்டியோடு போய் வரலாம். ஆற்றை மட்டும் நான் சிபாரிசு செய்யவில்லை. தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பக்கத்து ஆறுகள் நாறி, கீழே சிலாங்கூரில் குழாய்த் தண்ணீர் நின்றுபோன செய்தியெல்லாம் படித்திருப்பீர்கள். நாம் கெளுத்தி பிடித்த தண்ணீர் அது. அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

வெளியே மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் உங்கள் பழைய தோட்டத்துத் திடல் எங்கே இருந்தது, இப்போது அந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம். இன்னொரு தாளில், நீங்கள் இப்போது இருக்கும் தாமானின் பெயரும், வாரத்தில் உங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து வேலையில்லாமல் இருக்கும் நேரம் எது என்பதும். அப்படி ஒரு நேரமே இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். இந்த இரண்டு தாளும்தான் மாநகர் மன்றத்துக்குக் கொண்டுபோகும் மனுவோடு சேரும்.

டீயும் வடையும் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.